ஓர் உழக்கு அரிசி, ஒரு காலிப்பர்

மெல்லிய நைலான் காலுறை ஒன்று, கொஞ்சம் அரிசி, வழக்கமாகப் போடுவதைவிடப் பெரிய பிரா ஒன்று. மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையைப் பற்றி யோசிக்கும் பெண்கள் வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனைக்கு இவ்வளவு போதும். அளவுக் கோப்பையில் 300 மில்லி வரை அரிசியை நிரப்பி, காலுறைக்குள் கொட்டி முடிச்சுப் போட்டு, பிராவுக்குள் வைத்து, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார்கள். பகல் முழுக்க அப்படியே வீட்டு வேலை பார்த்துப் பழகுகிறவர்களும் உண்டு. அதிகமாகத் தெரிகிறதா, இரண்டு கரண்டி எடு. போதவில்லையா, இரண்டு கரண்டி போடு. மேற்கு நாடுகளில் இதற்கு அரிசிச் சோதனை என்றே பெயர்.

மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கோன் பையை டாக்டர்கள் இம்ப்ளான்ட் என்பார்கள். இந்தக் கட்டுரையில் உட்பொதி என்று வைத்துக்கொள்வோம். அதன் கன அளவைச் சிசி கணக்கில் சொல்வது வழக்கம். ஒரு சிசி என்பது ஒரு மில்லிதான். பெரும்பாலும் வைக்கப்படுபவை 200 முதல் 400 சிசி வரை. பாட்டி காலத்து அளவில் ஆழாக்கு என்பது ஏறத்தாழ 168 மில்லி, உழக்கு 336 மில்லி. ஆக, உலகெங்கும் நடக்கும் இந்த அறுவையின் அளவெல்லாம் ஆழாக்கைத் தாண்டித் தொடங்கி உழக்கைக் கொஞ்சம் தாண்டி முடிந்துவிடுகிறது. 300 சிசி உட்பொதி ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். இரு பக்கத்து உட்பொதிகளும் சேர்ந்தால் ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைவிடச் சற்றே கூடுதல் எடை.

அரிசிச் சோதனை சுவையானதுதான். ஆனால் அது சில பொய்களும் சொல்லும். அரிசி மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் அதே கன அளவுள்ள அரிசி எடையில் குறைவு. 300 மில்லி அரிசியைத் தராசில் வைத்தால் 250 கிராமைத் தொடுவதே பெரிய விஷயம். பிராவுக்குள் வெளிப்பக்கமாக வைப்பதும், தோலுக்கும் தசைக்கும் அடியில் வைப்பதும் ஒன்றல்ல என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரிய பொய்: எவ்வளவு வேண்டும் என்று மட்டுமே அரிசி கேட்கும், உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காது. கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறை கற்றுக்கொண்ட பெரிய பாடமே அந்த இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பதுதான்.

'ஒரு கப் கூட வேண்டும், அவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களே அதிகம். கேட்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் கப் என்பது அளவே அல்ல. 1930களில் அமெரிக்க உள்ளாடைத் தொழிலில் பிறந்த ஏ, பி, சி, டி என்ற அந்த எழுத்துகள், மார்பின் முன்சுற்றுக்கும் மார்புக்குக் கீழே பட்டி ஓடும் சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்கின்றன. ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. பட்டி மாறினால் அதே எழுத்தின் கொள்ளளவும் மாறிவிடும். 32டி, 34சி, 36பி ஆகிய மூன்றின் கிண்ணமும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவுதான். 32சி-யும் 38சி-யும் எழுத்தில் ஒன்று, கொள்ளளவில் வெகு தூரம். போதாக்குறைக்குக் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. ஒரு கப்புக்கு 150 முதல் 200 சிசி என்று டாக்டர்கள் தோராயமாகச் சொல்வதுண்டு. நம் ஆழாக்கு சரியாக அதற்குள் வந்து உட்காருவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உத்தரவாதம் தரமுடியாத கப்புக் கணக்கைவிட ஆழாக்கே மேல்.

நம் கண்ணும் நம்பத் தகுந்த சாட்சி அல்ல. ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள லட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு லட்டை உதிர்த்துச் சேர்த்து ஒரே லட்டாகப் பிடியுங்கள். பூந்தி இரட்டிப்பாகிவிட்டது. குறுக்களவோ 6.3 சென்டிமீட்டர்தான். கன அளவு இருமடங்கானால் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 26 விழுக்காடுதான் கூடும். கண் பார்ப்பது அகலத்தையும் உயரத்தையும், சிசி பேசுவது கன அளவை. அதனால்தான் 300-ஆ 325-ஆ என்று வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது வீண். அந்த 25 சிசி ஐந்து தேக்கரண்டித் தண்ணீர். சட்டைக்கு மேல் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அளவுச் சிக்கல் இந்த அறுவையோடு கூடவே பிறந்தது. 1895-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியை அகற்றியபின் ஒரு பக்கம் குறைந்துபோகுமே என்று, அவர் உடலில் வேறோர் இடத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. சிலிக்கோன் வந்தது 1962-ல், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில். ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் மருத்துவர், கண்ணாடிப் புட்டிக்குப் பதில் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் ரத்தப் பையைக் கையில் அமுக்கிப் பார்த்ததும் மார்பகத்தின் மென்மை நினைவுக்கு வந்ததாம். அவரும் தாமஸ் கிரோனினும் முதலில் எஸ்மெரால்டா என்ற நாய்க்குப் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு ஆறு பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது பச்சை குத்தியதை அழிக்க. விடைத்து நின்ற காதுகளைச் சரிசெய்துகொள்வதுதான் அவருக்கு ஆசையாக இருந்தது. அதையும் செய்து தருவதாகச் சொன்னபிறகே சம்மதித்தார். உலகின் முதல் சிலிக்கோன் மார்பகங்கள் இப்படிக் காதுகளுக்காக நடந்த பண்டமாற்று.

ஹூஸ்டனிலிருந்து நாலு மணி நேரக் கார் தூரத்தில் டல்லஸ். அங்கேதான் ஜான் டெப்பெட்ஸ் என்ற மருத்துவர், அளவைப் பேச்சுவார்த்தையிலிருந்து மீட்டு அளவுகோலிடம் ஒப்படைத்தார். 2005-ல் அவரும் வில்லியம் ஆடம்ஸும் வெளியிட்ட முறை ஐந்து அளவுகள், ஐந்து முடிவுகள், ஐந்து நிமிடம் என்று சுருக்கமானது. கருவி ஒரு காலிப்பர். பள்ளி ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் கவராயத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கால், நடுவில் அளவுகோல்.

முதலில் பார்ப்பது அடியகலம். அதாவது மார்பகம் விலா எலும்புக்கூட்டின் மேல் எவ்வளவு அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிறது என்பது. பலருக்கும் 11 முதல் 13 சென்டிமீட்டர். இதுதான் மனைக்கட்டின் எல்லைக்கல். உட்பொதியின் விட்டம் இதைத் தாண்டினால் ஒரு பக்கம் அக்குளை நோக்கித் துருத்திக்கொண்டு கை வீசி நடக்கும்போது உரசும். மறுபக்கம் நடு எலும்பை நோக்கி நகர்ந்து, இரண்டு மார்பகங்களும் நடுவில் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடவும் கூடும். நடுவில் இருக்கும் இடைவெளி அழகுக்காக மட்டுமல்ல, தோலும் திசுவும் எலும்போடு பிடித்துக்கொள்ளும் இடம் அது. அதைப் பிரித்துவிட்டால் திரும்பக் கட்டுவது பெரும்பாடு.

மனை அகலம் இவ்வளவுதான் என்றால், இன்னும் பெரிதாக வேண்டும் என்பவர் என்ன செய்வது? சென்னையில் அரை கிரவுண்டு வைத்திருப்பவர் செய்வதுதான். மாடி எழுப்ப வேண்டும். உட்பொதி எவ்வளவு முன்னால் எழுகிறது என்பதைப் புரொஃபைல் என்பார்கள். நாம் முன்னுயரம் என்று சொல்லலாம். கவிழ்த்த கொட்டாங்கச்சியைப் போன்ற ஒரு குவிமாடத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடி விட்டம் 12 சென்டிமீட்டர், உயரம் 4 என்றால் கன அளவு ஏறத்தாழ 260 சிசி. அதே 12 சென்டிமீட்டர் அடியில் உயரத்தை 5 ஆக்கினால் 350-ஐத் தொடுகிறது. ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரம் 90 சிசி-யை விழுங்கிவிடுகிறது! உயரத்தை 4-லேயே நிறுத்தி அடியை 13 ஆக்கினால் 300 வரும். உண்மை உட்பொதி இவ்வளவு கச்சிதமான குவிமாடம் அல்ல, ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான். அதாவது '300 சிசி' என்று மட்டும் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. அகன்று தாழ்ந்த 300 ஒன்று, குறுகி எழும்பிய 300 ஒன்று. ஒரே எண், இரண்டு உருவம். தோழிக்கு 300 நன்றாக இருந்ததே என்று கேட்டு வருகிறவர்களிடம் டாக்டர்கள் பெருமூச்சு விடுவதன் காரணம் இதுதான்.

அடுத்த அளவு, தையற்காரர்களுக்கு உடனே புரியும். ரவிக்கையில் பிற்காலத்தில் பிரித்துவிட உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார்கள் அல்லவா? தோலும் அப்படி விட்டுத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் தோலை விரல்களால் பிடித்து முன்னால் இழுத்து, எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று காலிப்பர் பார்க்கும். இரண்டுக்குக் கீழே என்றால் இறுக்கமான தோல். மூன்றைத் தாண்டினால் தளர்வு. பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த மார்பகத்தில் உள்ளே விட்ட துணி தாராளமாக இருக்கும், இருபது வயதில் பெரும்பாலும் இராது. இறுக்கமான தோலுக்குள் பெரிய உட்பொதியைத் திணித்தால் மேல்பாதி பந்துபோல் உருண்டு நிற்கும். தளர்ந்த தோலுக்குள் சிறியதை வைத்தால், பெரிய உறைக்குள் சின்னத் தலையணை போட்டதுபோல் அடியில் போய் ஒதுங்கிவிடும்.

இன்னோர் அளவு காம்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை. தோலை இழுத்துப் பிடித்தே இதை அளக்க வேண்டும். உட்பொதி பெரிதாகப் பெரிதாக இந்தத் தூரமும் கூட வேண்டும். டெப்பெட்ஸ் முறையில் 300 சிசி-க்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். அவ்வளவு இல்லையென்றால் அடிமடிப்பைக் கத்தியால் கீழே இறக்குகிறார்கள். அந்த மடிப்பு வெறும் கோடு அல்ல, பாரத்தைத் தாங்கும் தொட்டில் கயிறு. தேவைக்கு மேல் இறக்கினால் உட்பொதி மாதக்கணக்கில் மெல்ல நழுவிக் கீழே போய், காம்பு மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

பிறகு ஒரு கிள்ளு. காம்புக்கு மேலே, மார்பகத்தின் மேல்பகுதியில் தோலையும் கொழுப்பையும் கிள்ளி எடுத்து அதன் தடிமனைப் பார்ப்பது. எனக்கு மிகவும் பிடித்த அளவு இது. இவ்வளவு எளிமையான சைகை இவ்வளவு பெரிய முடிவைத் தீர்மானிப்பது விந்தையாக இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உட்பொதியின் விளிம்பு தோலுக்கு மேலே கோடாகத் தெரியும், சிலசமயம் கசங்கிய துணிபோல் அலையலையாகவும் தெரியும். போர்வை மெல்லிசு, கட்டில் சட்டம் தெரிகிறது என்பதுபோல. அப்போது இன்னொரு போர்வை தேவை. அதற்குப் பெருமார்புத் தசை இருக்கிறது. உட்பொதியின் மேல்பாதியைத் தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதியை மார்பகத் திசுவுக்கு அடியிலும் வைப்பதை இரட்டைத் தள முறை என்கிறார்கள். இதையும் விரித்து எழுதியவர் டெப்பெட்ஸ்தான். தசை சும்மா இருக்காது என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. கனமான கதவைத் தள்ளும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் அது சுருங்கி உட்பொதியை ஒரு பக்கமாக நகர்த்தும்.

இப்போது எல்லாவற்றையும் ஒரு கணக்கில் போடுவோம். ஒருத்தி வருகிறாள், ஒல்லியான உடம்பு, அரிசிச் சோதனையில் 400 மில்லி வைத்துப் பார்த்து மனம் நிறைந்தவள். அடியகலம் 12 சென்டிமீட்டர். அந்த அகலத்துக்குத் தொடக்க எண் 300 சிசி. தோலை இழுத்துப் பார்த்தால் 1.8 சென்டிமீட்டர்தான் வருகிறது. இறுக்கம், ஆகவே 30 கழி. தோலுறைக்குள் ஏற்கெனவே எவ்வளவு திசு நிறைந்திருக்கிறது என்பது ஐந்தாவது அளவு. அது நடுத்தரமாக இருக்கிறது. கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். விடை 270. ஒவ்வொரு சிசி-க்கும் ஓர் உட்பொதி வருவதில்லை, இருபது முப்பது சிசி இடைவெளியில்தான் வரிசை ஓடும். ஆகவே 275-ஐ எடுப்பார்கள். ஆசைக்கும் உடம்புக்கும் நடுவே 125 சிசி இடைவெளி. கால் லிட்டர் பாக்கெட்டில் பாதி. அவள் பிடிவாதம் பிடித்தால் 400-உம் உள்ளே போகும், போகாமல் இல்லை. முதல் ஆண்டுப் புகைப்படமும் நன்றாகவே இருக்கும். பிறகு எடை தோலை இழுக்கும், மேலே இருக்கும் திசுவை மெலியவைக்கும். தொடுவுணர்வு குறையும் ஆபத்தும் அளவோடு சேர்ந்து கூடும். இழுபட்ட தோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பெரிய உட்பொதிகளைப் பற்றி டெப்பெட்ஸ் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதற்காகத்தான். அவர் கறாரானவர் என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. நான் அவர் கட்சி.

இத்தனை கணக்கும் ஒரு பக்கத்துக்குத்தான். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு மார்பகங்களும் சரிசமமாக இருப்பதில்லை. ஒன்று சற்றே பெரிது, ஒன்று சற்றே இறக்கம், சிலசமயம் அடியிலிருக்கும் விலா எலும்பே ஒரு பக்கம் மேடாக இருக்கும். ஆகவே வலப்பக்கம் 275, இடப்பக்கம் 300 என்று வைப்பதும் சகஜம். ஒரே மாதிரி இரண்டை வைத்தால் வித்தியாசம் மறையாது, பெரிதாகிக் கண்ணில் குத்தும். கண்ணாடி முன் ஆயுள் முழுக்க நின்றவர்கூடத் தன்னுடைய இந்த ஏற்றத்தாழ்வை டாக்டர் சொல்லித்தான் முதல்முறையாகக் கவனிப்பார்.

அறுவை அரங்கிலும் ஒத்திகை உண்டு. தற்காலிக அளவுப் பை ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, மயக்கத்தில் இருப்பவரை மேசையோடு நிமிர்த்தி உட்காரவைத்துப் பார்ப்பார்கள். படுத்திருக்கும் மார்பகம் நிற்கும் மார்பகம் அல்ல. பிறகு அசல் உட்பொதி. இங்கே ஒரு வேடிக்கை: பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளை நாலு அல்லது ஐந்து சென்டிமீட்டர் வெட்டு வழியே நுழைக்க வேண்டும். விரலால் திணித்தால் ஜெல்லுக்குச் சேதம், தோலிலிருக்கும் கிருமிகளும் கூடவே போகும். கெவின் கெல்லர் என்ற மருத்துவர் கேக்கின் மேல் கிரீம் பிழியும் பையைப் போன்ற வழுவழுப்பான புனல் ஒன்றைச் செய்தார். மருதாணிக் கோன் மாதிரி பிழிந்தால் உட்பொதி யார் கையும் படாமல் நழுவி உள்ளே போய்ப் பழைய வடிவத்துக்கு விரிந்துகொள்கிறது. இன்றைய ஜெல் ஓடாது, குளிர்ந்த கடல்பாசிபோல் கட்டியாக நிற்கும். இரண்டாக வெட்டினாலும் வழியாது.

உள்ளே போனதும் உடம்பு தன் வேலையைத் தொடங்குகிறது. அந்நியப் பொருளைச் சுற்றி மெல்லிய தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டுகிறது. எல்லோருக்கும் நடப்பது இது. சிலருக்கு மட்டும் அந்த உறை இறுகிச் சுருங்கி மார்பகத்தைக் கெட்டியாக்கிவிடும். முதல் வாரங்களில் வீக்கமும் இருக்கும், உட்பொதி மேலே தூக்கலாகவும் நிற்கும். தசை தளர்ந்து அது தன் இடத்தில் இறங்கி அமர மூன்று முதல் ஆறு மாதம். முதல் வாரம் கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்தாலும் அழுதாலும் இரண்டும் அவசரம்.

அரிசிக் காலுறைக்கு இப்போது ஒரு பணக்காரத் தம்பி வந்திருக்கிறான்: முப்பரிமாணக் கேமரா. கட்டைவிரலை முகத்தின் முன் நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியுமல்லவா, அதே வித்தைதான். பல கோணங்களில் ஒரே நொடியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, மார்பின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிடும். பிறகு 275-ஐயும் 325-ஐயும் திரையில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும். பக்கவாட்டில் திருப்பிக்கூடப் பார்க்கலாம். ஆனால் கேமராவுக்குக் கிள்ளத் தெரியாது. தோலின் இழுவையும் திசுவின் தடிமனும் இன்னமும் விரலுக்கும் காலிப்பருக்கும்தான் வசப்படுகின்றன.

அளவைத் தவிர மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் கேள்விகள் எழுந்ததால் 1992-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிலிக்கோன் ஜெல் உட்பொதிகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்து, 2006-ல்தான் தளர்த்தியது. பெரிதாக்கத்துக்கு ஜெல் வகை வைக்க 22 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2019-ல் சொரசொரப்பான மேலுறை கொண்ட ஒரு வகை, அரிய நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையதாகத் தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. எந்த உட்பொதியும் ஆயுளுக்கும் இருக்காது. இன்று வைப்பவர் பிற்காலத்தில் இன்னொரு அறுவைக்குத் தயாராக இருக்க வேண்டும். அளவு பிடிக்கவில்லை என்று மறுபடி மேசைக்குப் போகிறவர்களும் அந்த வரிசையில் கணிசம்.

இது பணக்காரர் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் மார்பக அழகியல் அறுவையை இலவசமாகச் செய்யத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். புற்றுநோயால் ஒரு பக்கம் இழந்தவர்களும் வருகிறார்கள், பாரம் தாங்காமல் முதுகு வலிக்கிறது, குறைத்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் வருகிறார்கள். அரசுப் பணத்தில் இது தேவையா என்ற விமர்சனமும் அப்போது எழுந்தது.

எங்கே போனாலும் சரி, உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இந்த யோசனை இருந்தால் அரிசியை வைத்துத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டாக்டரிடம் 'எத்தனை சிசி வைப்பீர்கள்' என்று தொடங்காதீர்கள். 'என் அடியகலம் எத்தனை சென்டிமீட்டர்' என்று கேளுங்கள். காலிப்பரைக் கையில் எடுக்காமலேயே அவர் ஓர் எண்ணைச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.